நாயும் விலங்கும்: பொருள்நோக்கு நிரலாக்கப் போதனை பற்றிய ஒரு குறிப்பு

பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தொடக்கநிலை மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும் நூல்கள் பல, ஒரு நாயுடனேயே தொடங்குகின்றன. நாய் ஒரு விலங்கு. பூனையும் ஒரு விலங்கு. ஆகவே விலங்கு என்னும் வகுப்பிலிருந்து அவையிரண்டும் மரபுரிமை பெறுகின்றன. கலைப்பீட மாணவனாகிய நான் கணினிப் பாடமொன்றை விரும்பிப் பயின்றபோது இவ்வுதாரணத்தை ஐந்தே நிமிடத்தில் விளங்கிக்கொண்டேன். பின்னர், நூலகத்தில் புத்தகம் இரவல் வழங்குவதற்குச் சிறியதொரு நிரல் எழுதப் பணிக்கப்பட்டபோது, எங்கே தொடங்குவதென்று அறியாது திகைத்தேன்.

காரணம் வெளிப்படை. நாயுதாரணம் கற்பிப்பது பாகுபாட்டினையே. அதில் எந்த நாயும் எவருக்காகவும் எதனையும் செய்வதில்லை. இச்சிந்தனையின் தோற்றுவாயோ வேறு. 1960களில் ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணிப்பீட்டு நிலையத்தில் டால், நைகார்ட் ஆகிய இருவரும் சிமுலா மொழியை ஆக்கியது, உலக நிகழ்வுகளைக் கணினியிற் போலச்செய்து பார்ப்பதற்காகவே. வாடிக்கையாளர் வருவர், வரிசையில் நிற்பர், கருமபீடத்திற் சேவை பெறுவர். ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே பேணித் தன் கருமத்தைத் தானே ஆற்றும். வகுப்பும் உபவகுப்பும் 1967ஆம் ஆண்டின் சிமுலாவில் இத்தேவையின் வழியே வந்து சேர்ந்தன. 'பொருள்நோக்கு' என்னும் தொடரைத் தந்த அலன் கே, 'பொருள்' என்ற பெயரைச் சூட்டியமைக்காக 1998இல் வருந்தினார். பொருள்கள் தமக்குள் அனுப்பும் செய்தியே முதன்மையானது என்பது அவர் கருத்து.

தமிழில் இவ்விடர் இரட்டிப்பாகின்றது. முதல்நாள் நான் 'பொருள்நோக்கு' என்பதை அர்த்தத்தை நோக்கியது என்றே குறித்துக்கொண்டேன். பொருளிலக்கணம் படித்தவன் வேறெவ்வாறு கொள்வான்?

பாகுபாடு பயனற்றதாயிருப்பதோடு சிலவேளை வழிதவறவும் செய்யும். கேத்திரகணிதத்திற் சதுரம் ஒரு செவ்வகமே. நிரலிலும் அவ்வாறே அமைப்போமாயின், அகலத்தை 5 ஆகவும் பின்னர் உயரத்தை 4 ஆகவும் மாற்றுபவன் பரப்பளவு 20 என எதிர்பார்ப்பான். பக்கங்களைச் சமமாகப் பேணும் சதுரம் 16 என்று விடை கூறும். உபவகுப்பின் பொருள், மேல்வகுப்பின் பொருளுக்குரிய இடத்தில் நின்று அதற்குரிய நடத்தையைக் காத்தல் வேண்டும் என்று 1987இல் பார்பரா லிஸ்கோவ் வலியுறுத்தியது இதனையே. 'ஒரு வகை' என்னும் உறவை மட்டும் மனனஞ் செய்த மாணவனுக்கு இது புதிராகவே தோன்றும்.

தொடக்கநிலையினர்க்குப் பழகிய உதாரணமே வேண்டும் என்பர் சிலர். உண்மைதான், ஆயின் நூலகமும் எமக்குப் பழகியதன்றோ? ஒரு புத்தகம், ஓர் உறுப்பினன்: இவ்விரண்டோடு தொடங்கலாம். புத்தகம் இரவலிற் சென்றுள்ளதா என்பதை உறுப்பினன் தானே திருத்தலாகாது. புத்தகத்திடமே கேட்டல் வேண்டும். இம்மறுப்பிலிருந்தே உறைபொதியாக்கம் விளங்கிவிடும். அதன்பின் வெளியே கொண்டுசெல்லவியலாத உசாத்துணை நூலொன்றை அடுக்கில் வைப்போம். இரண்டிடமும் 'இரவல் கிடைக்குமா?' என்ற ஒரே வினா. ஒன்று தன் நிலையைப் பார்த்து விடை கூறும், மற்றையது எப்பொழுதும் மறுக்கும். மரபுரிமையைப் பற்றி ஆசிரியர் வாய்திறக்கவேண்டிய தருணம் அதுவே. அது நான்காம் வாரத்திலே வந்தாலும் கேடில்லை.