ஐந்து கிரீடங்களும் இரண்டு கல்லறைகளும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மூன்று நாள் கன்வென்ஷன் என்றால் முதல் இரவு இரட்சிப்பு, இரண்டாம் இரவு அபிஷேகம், மூன்றாம் இரவு வருகை என்று எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. கடைசி இரவுதான் பந்தல் நிரம்பி வழியும். கிரீடங்கள் வருவதும் அன்றைக்குத்தான். இச்சையை அடக்கி ஓடியவனுக்கு அழிவில்லாத கிரீடம். ஆத்தும ஆதாயம் செய்தவனுக்கு மகிழ்ச்சியின் கிரீடம். வருகைக்கு ஆசையோடு காத்திருந்தவனுக்கு நீதியின் கிரீடம். சோதனையைச் சகித்தவனுக்கு ஜீவகிரீடம். மந்தையை ஒழுங்காக மேய்த்தவனுக்கு வாடாத மகிமையின் கிரீடம். ஐந்து விரலையும் மடக்கி எண்ணிக் காட்டிவிட்டு, "உனக்கு எத்தனை?" என்று கேட்பார் பிரசங்கியார். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

இந்தப் பிரசங்கத்துக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கடைசி நாளில் இரண்டு நியாயத்தீர்ப்பு. அவிசுவாசிகளுக்கு வெள்ளைச் சிங்காசனம், அங்கே தண்டனை. விசுவாசிகளுக்குக் கிறிஸ்துவின் நியாயாசனம். அங்கே நரகம் என்ற பேச்சே இல்லை, வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டுப் பரிசு கொடுப்பதோடு சரி. ஆதித்திருச்சபை தொட்டு இப்படித்தான் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பிரிப்பு பரவியது 19ஆம் நூற்றாண்டில், ஜான் நெல்சன் டார்பி முதலான பிரதரன் சபைப் போதகர்கள் வழியாக. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. பெந்தெகொஸ்தே சபைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. கத்தோலிக்கர்களின் ஞானோபதேசத்தில் கணக்கு வேறு: சாகும்போது தனித்தீர்வை, உலக முடிவில் எல்லாருக்கும் பொதுத்தீர்வை, நடுவே உத்தரிக்கிற ஸ்தலம்.

இந்தப் போதனையில் குறை சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ளாமல் குறையை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது.

இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி சேரியிலிருந்து வந்தவர்கள். கரும்பு வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனவர்கள். இவர்கள் உழைப்புக்குக் கணக்கு எப்போதும் வேறு யாரோ ஒருவர் கையில்தான் இருந்தது. ஆண்டையின் நோட்டிலோ மேஸ்திரியின் நோட்டிலோ என்ன எழுதியிருக்கிறது என்று தலைமுறைக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்திடம், நீ செய்ததை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் நோட்டில் கள்ளக்கணக்கு இல்லை, ஆள் பார்த்துக் கூலி கொடுக்கிறவர் அவர் இல்லை என்று சொல்வது சின்ன விஷயமா? சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி தனியாக ஆலயத்தைக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டுப் போகிறாள். செயற்குழுவில் அவளுக்கு நாற்காலி கிடையாது, ஆண்டறிக்கையில் பெயர் கிடையாது. நியாயாசனப் போதனை அவளுக்குக் கொடுக்கிற நிமிர்வை எந்தச் சபை நிர்வாகமும் கொடுத்ததில்லை.

இன்னொரு நன்மை, வேறு வகையானது. "இரட்சிக்கப்பட்டாச்சு, பெயர் ஜீவபுஸ்தகத்தில் ஏறியாச்சு" என்று காலை நீட்டிக்கொள்கிறவனை இது எழுப்பிவிடுகிறது. கிருபையால் வீட்டுக்குள் வந்துவிட்டாய், சரி. வந்து என்ன செய்தாய் என்று கேட்கிறது. சபைக்கு வெளியே இருப்பவனைச் சுட்டிக்கொண்டே இருந்த விரல் உள்ளே இருப்பவன் பக்கம் திரும்புகிறது. அது அபூர்வம்.

திரும்பிய விரல் எதைத் தொடுகிறது என்பதில்தான் சிக்கல். கன்வென்ஷன் மேடையில் வாழ்க்கைக் கணக்கு என்று வருவதைக் கவனித்துப் பாருங்கள்: தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தாயா, உபவாச ஜெபத்துக்கு வந்தாயா, நகையைக் கழற்றினாயா, டிவி சீரியலை விட்டாயா, எத்தனை பேரைச் சபைக்குக் கூட்டி வந்தாய். எல்லாம் எண்ணக் கூடியவை. எல்லாம் தனி ஆளின் கணக்கு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முக்கால்வாசி சபைக்கு வரவு வைக்கக் கூடியவை.

பவுல் நியாயாசனத்தைப் பற்றி எழுதிய இடங்களில் ஒன்று ரோமர் 14ஆம் அதிகாரம். அங்கே நடக்கிற வழக்கு சாப்பாட்டு வழக்கு. ஒருவன் எல்லாவற்றையும் தின்கிறான், மற்றவன் காய்கறி மட்டும் தின்கிறான். இவன் அவனைக் குற்றவாளி என்கிறான், அவன் இவனை அற்பமாக நினைக்கிறான். நீ ஏன் உன் சகோதரனை அற்பமாக எண்ணுகிறாய், எல்லாரும் ஒருநாள் அந்த ஆசனத்தின் முன் நிற்கப் போகிறோமே என்று பவுல் மறிக்கிறார். விசுவாசி விசுவாசியை எப்படி நடத்தினான் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த ஆசனம் அங்கே போடப்படுகிறது. தென்னாற்காட்டில் பிரசங்கிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வேதபகுதி உண்டா? யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதானே இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆனால் கிரீடப் பிரசங்கத்தில் ரோமர் 14 வருவது அரிது. வந்தாலும் வசன எண்ணாக வந்துபோகும். சாப்பாட்டுப் பேச்சு வராது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த மௌனம் இன்னும் விசித்திரமாகத் தெரியும். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையில் எதிர்ப்பு வெடித்தது. எதிர்த்தவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளலாமா என்ற தகராறில்தான் மிஷனரி கார்ல் ஓக்ஸ் லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறி, மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் இன்று இருக்கும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அது. பக்கத்துப் புதுச்சேரியில் சம்பா கோவிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரை எடுப்பதில் 1745இல் நடந்த கலகத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இந்த மண்ணின் கிறிஸ்தவம் தன்னைத் தானே நியாயம் விசாரித்துக்கொண்ட வழக்கு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அந்த வழக்கு முடியவில்லை என்பதற்கு எறையூர் சாட்சி. 2019 வரை விழுப்புரம் மாவட்டம், அதன் பிறகு கள்ளக்குறிச்சி. ஜெபமாலை அன்னை பெயரால் பெரிய கோவில். பங்கில் வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும். சாவுக்கு வேறு பாதை, வேறு சவ வண்டி, வேறு கல்லறை என்பது தலித்துகளின் நெடுநாள் புகார். தங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீடுகள் நொறுங்கின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மறைமாவட்டம், ஒரே ஞானோபதேசம், கையில் ஒரே ஜெபமாலை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குழிமேட்டைச் செதுக்கி, சுண்ணாம்படித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுத்திரி கொளுத்தி, பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிக்கக் காத்திருக்கும் வழக்கம். இறந்தவர்களின் கணக்குக்கு உயிரோடிருப்பவர்கள் ஜெபத்தால் ஈடு கட்டலாம் என்ற அந்த நம்பிக்கையில் எனக்கு மரியாதை உண்டு. தீர்ப்பைத் தனி ஆளின் தலையில் மட்டும் கட்டாமல் உறவுகளும் தோள் கொடுக்கிறார்கள். பொதுத்தீர்வையில் சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே இடத்தில் எழுந்து நிற்பார்கள் என்று படித்துக்கொடுத்துவிட்டு, அதுவரைக்கும் இரண்டு கல்லறைத் தோட்டத்தில் கிடங்கள் என்றால், படித்தது எதற்கு? கத்தோலிக்க மரபில் தீர்வைக்கு உட்பட்ட பாவங்களை அடுக்கும் பாவசங்கீர்த்தன ஆயத்தம் நீளமானது. ஞாயிறு பூசையைத் தவறவிட்டது அதில் வரும். சவ ஊர்வலத்தை மறித்தது வருகிறதா?

பெந்தெகொஸ்தே பக்கம் இன்னொரு ஏணி. தி பெந்தெகொஸ்தே மிஷன் சபையில் பரலோகத்துக்கும் படிகள் உண்டு. எல்லாவற்றையும் விட்டு வந்த முழுநேர ஊழியர்களுக்குச் சீயோன், நிறைவடைந்த விசுவாசிகளுக்குப் புதிய எருசலேம் என்று. இதை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அந்த ஊழியர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, சம்பளம் வாங்குவதில்லை, சொத்து வைத்துக்கொள்வதில்லை. மேல்படியைப் பிரசங்கிக்கிறவர்கள் அதற்கான விலையையும் கொடுக்கிறார்கள். கார் கண்ணாடியை இறக்கிக் கையசைத்துவிட்டுப் போகும் கிரீடப் பிரசங்கிகளுக்கு இவர்கள் எவ்வளவோ மேல். இருந்தும், கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுநாள் கூலியைக் கொடுத்து எல்லாரையும் முணுமுணுக்க வைத்த திராட்சத்தோட்டக்காரன் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்பான்? இயேசு சொன்ன அந்த உவமையைக் கூலிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் சொன்னால், முதலில் கோபப்பட்டு அப்புறம் சிரிப்பார்கள். பரிசுத் தராசின் மேல் அவர்களுக்கு வரவேண்டிய சந்தேகம் அந்தச் சிரிப்பில் வரும்.

அக்கினிப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 3இல் அஸ்திவாரத்தின் மேல் ஒருவன் பொன்னாலும் கட்டலாம், மரம், புல், வைக்கோலாலும் கட்டலாம், அக்கினி சோதிக்கும். கத்தோலிக்கர் இதில் உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கண்டார்கள், பெந்தெகொஸ்தேகாரர் பரிசு இழப்பைக் காண்கிறார்கள். "உன் வாழ்க்கை வைக்கோலா, பொன்னா?" என்று முழங்குவது வழக்கம். கேட்கிறவர்களில் பலர் கூரைவீட்டில் பிறந்தவர்கள். 1987 செப்டம்பரில் வன்னியர்கள் நடத்திய சாலை மறியலின்போது இந்த மாவட்டங்களில் பற்றியெரிந்தவை சேரிக் குடிசைகள். வைக்கோல் எரிவது என்றால் என்ன என்று அவர்களுக்கு மேடையிலிருந்து யாரும் விளக்க வேண்டியதில்லை. எரிந்த வீட்டுக்காரனிடம் போய், எரிந்தது உன் குறை என்கிற தொனியில் பேசுவது பிரசங்கியாரின் கெட்ட எண்ணம் அல்ல. யாரிடம் பேசுகிறோம் என்ற கவனமின்மை. அதோடு ஒரு தவறான வாசிப்பும். அந்த அதிகாரத்தில் பவுல் பேசுவது தன்னையும் அப்பொல்லோவையும் பற்றி, அதாவது சபையைக் கட்டுகிற ஊழியர்களைப் பற்றி. நெருப்பு முதலில் பிடிக்க வேண்டியது மேடையை.

திண்டிவனத்துக்கு வருவோம். இந்த ஊர் கிறிஸ்தவ உலகம் முழுக்க ஒரே ஓர் இரவுக்காகப் பேசப்படுகிறது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா ஸ்கடர், உடல்நலம் குன்றிய தாயைப் பார்த்துக்கொள்ள 1890இல் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே மிஷன் பங்களாவில் இருந்தார். மிஷனரி ஆகும் எண்ணமே இல்லாத பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, அடுத்தடுத்து வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் கூடாது என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் தொடங்கியதுதான் பிறகு சி.எம்.சி. ஆனது.

இந்தக் கதை சொல்லப்படாத மிஷனரி ஞாயிறு கிடையாது. எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். சிறியதில் உண்மையாயிருந்தாள், கர்த்தர் பெரிய ஆஸ்பத்திரியைக் கொடுத்தார், பரலோகத்தில் அவள் கிரீடத்தில் எத்தனை கற்களோ என்று முடிப்பார்கள். பலன் கணக்கு கச்சிதமாக நேராகிவிடும். அந்த மூன்று பெண்கள் கணக்கில் எங்கே? அவர்கள் பெயர் கதையில் இல்லை. இரட்டைத் தீர்ப்பு ஏற்பாட்டின்படி அவர்கள் போக வேண்டிய இடம் வெள்ளைச் சிங்காசனம்; பிரசங்கியார் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், மறுக்கவும் மாட்டார், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். தன் போதனை எங்கே முட்டுகிறது என்று அவருக்கே தெரிந்திருப்பதால்தான் அந்த அவசரம் என்று நினைக்கிறேன்.

ஐடா செய்ததில் பரிசுக் கணக்கைவிட மத்தேயு 25இன் சாயல்தான் அதிகம். அங்கே ராஜா கேட்பது பசித்தவனுக்கும் நோயாளிக்கும் என்ன செய்தாய் என்று. வலப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் தாங்கள் அப்படி எதுவும் செய்ததாக நினைவே இல்லாமல் விழிக்கிறார்கள். கணக்கு வைத்துக்கொள்ளாதவர்களுக்குப் பலன் கிடைக்கிறது. விரலை மடக்கி எண்ணச் சொல்லும் பிரசங்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பு பைபிளுக்குள்ளேயே வேறு இல்லை. முரணை ஒளிக்காமல் இரண்டையும் ஒரே இரவில் பிரசங்கிக்கத் துணிந்தவரை நான் இந்தப் பக்கம் இன்னும் கேட்கவில்லை.

நியாயாசனத்தைப் பிரசங்கிக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கைவிட்டால் ஆலயம் கூட்டுகிறவளுக்கு மிச்சமிருப்பது செயற்குழுவின் தீர்ப்பு மட்டும்தான். கேட்பது இடமாற்றம். ஐந்தாவது கிரீடத்தை, வாடாத மகிமையின் கிரீடத்தை, பேதுரு விசுவாசிகள் முன் வைக்கவில்லை. மந்தையின் மேல் அதிகாரம் செலுத்தாமலும் பண ஆசைக்காக இல்லாமலும் மேய்க்கிற மூப்பர்கள் முன் வைக்கிறார். ஊர்தோறும் மாதம் ஒருநாள் போதகர் ஐக்கியம் கூடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஊழியர்கள் மட்டும் இருக்கும் கூட்டம். பங்குத்தந்தையர்க்கு ஆண்டுத் தியானம் இருக்கிறது. ரோமர் 14ஐயும் 1 கொரிந்தியர் 3ஐயும் முதலில் அங்கே வாசிக்கலாம், கல்லறைத் தோட்டத்துச் சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியோடு.