'பகிராதே' என்னும் பாடம்

பள்ளிகளில் நடக்கும் இணையப் பாதுகாப்புக் கூட்டங்களின் மொழி பெரும்பாலும் எதிர்மறை ஏவலால் ஆனது. முன்பின் தெரியாதவரோடு பேசாதே. யாரையும் நம்பாதே. இரவில் போனோடு உட்காராதே. படத்தைப் பகிராதே. அறநூல்களில் ஊறிய நமக்கு இந்த வினைவடிவம் பழகியதுதான். ஆனால் ஏவல் என்றால் முன்னிலையில் ஒருவர் இருந்தாக வேண்டும். இங்கே அது யார்? அரங்கில் பையன்களும் இருக்கிறார்கள். பேசுபவரின் குரலும் பார்வையும் போய் நிற்பது மாணவிகள் அமர்ந்திருக்கும் பக்கம்.

'பகிராதே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருத்தி தன் படத்தைத் தான் நம்பும் ஒருவனுக்கு அனுப்புகிறாள். அவன் அதை நண்பர்கள் குழுவில் போடுகிறான். இரண்டையும் 'பகிர்தல்' என்றே சொல்கிறோம். முதலாவது நம்பிக்கை, அது தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு 3 ஆண்டுவரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. சட்டம் பிரித்துப் பார்ப்பதைப் பாடம் ஒரே சொல்லில் கலந்துவிடுகிறது. கலந்ததும் பழி எளிதாக முதல் ஆளிடம் போய்ச் சேர்கிறது. "அவள் ஏன் அனுப்பினாள்?" என்று கேட்கிறோம். "அவன் ஏன் பரப்பினான்?" என்பது கேள்வியாகவே எழுவதில்லை.

2004இல் தில்லிப் பள்ளி மாணவன் ஒருவன் உடன் படித்த மாணவியைக் கைபேசியில் எடுத்த படம் நாடெங்கும் பரவியது. ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கும் வந்தது. ஊடகங்கள் அதற்கு வைத்த பெயர் 'எம்.எம்.எஸ். விவகாரம்'. எடுத்தவனோ விற்றவனோ அந்தப் பெயரில் இல்லை. கருவி மட்டும் இருக்கிறது. இன்றும் "படம் கசிந்துவிட்டது" என்றுதான் சொல்கிறோம், ஓட்டைக் குடத்திலிருந்து தண்ணீர் கசிவதைப்போல. தன்வினையில் சொல்லும்போது செய்தவன் வாக்கியத்திலிருந்து தப்பிவிடுகிறான்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அவர் எதையும் பகிரவில்லை. குடும்பம் புகார் கொடுத்தும் காவல்துறை வேகம் காட்டவில்லை. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்தது. தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். கைதானவர், அவரை மணக்க விரும்பி மறுக்கப்பட்டவர் என்றது காவல்துறை. இந்தப் பெண்ணுக்கு நம் எதிர்மறை ஏவல்களில் எது உதவியிருக்கும்?

2019இல் பொள்ளாச்சி. படமெடுத்து மிரட்டியவர்களின் மூலதனம் கேமரா மட்டுமல்ல. "வீட்டில் தெரிந்தால்" என்ற பெண்களின் அச்சமும்தான். அந்த மூலதனத்தை அவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம். அச்சத்தை மீறி ஒரு பெண் புகார் செய்தபோது, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலேயே அவருடைய பெயர் அச்சாகி வந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பெண்கள் வாயைத் திறந்ததால் கிடைத்த தீர்ப்பு அது. நம் பாதுகாப்புப் பாடமோ வாயை மூடிக்கொள்ளத்தான் பழக்குகிறது.

பிரச்சினை என்று சொன்ன மறுகணம் பெண்ணிடமிருந்து போன் பறிக்கப்படும். இது எல்லா மாணவிகளுக்கும் தெரியும். அதனாலேயே அவர்கள் சொல்வதில்லை. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 மணிவரை போன் கூடாது என்றார்கள். மறுத்த மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. அவரைத் திரும்பச் சேர்க்கவும் உத்தரவிட்டது. 2021இல் சென்னைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் அத்துமீறல்களை மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் முதலில் வெளியே சொன்னது இன்ஸ்டாகிராமில்தான். பிறகே கைது நடந்தது. அங்கே ஆபத்தாக இருந்தவர் 'முன்பின் தெரியாதவர்' அல்ல, வகுப்பெடுத்தவர்.

என் வகுப்புக்கு வரும் முதலாமாண்டு மாணவிகள் பலரின் வாட்ஸ்அப் முகப்பில் ரோஜாவோ சாமியோ நடிகையோ இருக்கும். பையன்கள் பைக்கில் சாய்ந்து நிற்பார்கள். பள்ளிப்பருவம் முழுவதும் நாம் நடத்திய பாடத்தின் விளைவு இந்த முகப்புகளில் தெரிகிறது. பெண்ணை முகமில்லாமல் இருக்கப் பழக்கிவிட்டு அதைப் பாதுகாப்பு என்கிறோம். கற்பைப் பற்றிய பழைய பாடம்தான் இது, கைபேசிக்காகத் திருத்திய பதிப்பு.

'டிஜிட்டல் குடிமை' என்று பாடத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம். குடிமை என்றால் கடமையோடு உரிமையும் உண்டு. அப்படியொரு பாடம் பையன்களிடமிருந்து தொடங்க வேண்டும்: உனக்கு ஒரு படம் வந்தால் அது உன் சொத்தாகிவிடாது, குழுவில் வந்ததை அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டால் நீயும் குற்றத்தில் பங்காளி. பெண்பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: தவறு உன்னுடையதல்ல. அடுத்து வழிகள். மிரட்டல் வந்தால் பணமோ இன்னொரு படமோ கொடுக்காதே, வந்த செய்திகளை அழிக்காமல் வை. 1930, 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களை மனப்பாடம் செய். சம்மதமில்லாத அந்தரங்கப் படத்தை, ஒட்டுப்போட்ட படத்தையும் சேர்த்துத்தான், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லின. சிறார்களுக்கென 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் எண் அடையாளத்தை மட்டும் கொடுத்து, அதில் இணைந்துள்ள தளங்களில் பரவாமல் தடுக்க முயலலாம்.

இவ்வளவும் சொல்ல ஒரு வகுப்பு நேரம் போதும். அதே வகுப்பில் பெற்றோரையும் உட்காரவைக்க வேண்டும். மகள் வந்து சொல்லும்போது போனைப் பறிக்காமல் கேட்பது அவர்களுக்கான வீட்டுப்பாடம். ஆசிரியர்களான எங்களுக்கும் அதேதான்.