கேள்வி கேட்பவரே தீர்ப்பாளராகும்போது

சிறிலங்காவின் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டதை, ‘அது அவர்களது வீட்டுச் சண்டை, எமக்கென்ன?’ என்று ஒதுக்கிவிடும் எம்மவர் பலருடன் நான் வாதிட்டிருக்கிறேன். இந்த அலட்சியம் தவறானது என்பதே எனது கருத்து.

நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். 2012 நவம்பர் 1 ஆம் திகதி, ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் 117 பேர் கையொப்பமிட்ட பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. குற்றச்சாட்டுகள் 14. விசாரித்த தெரிவுக்குழுவின் 11 பேரில் எழுவர் ஆளுந்தரப்பினர். எதிர்த்தரப்பு நால்வரில் ஒருவர் இரா. சம்பந்தன். டிசம்பர் 6 ஆம் திகதி, தான் அவமதிக்கப்படுவதாகவும் நியாயமான விசாரணை கிடைக்காது என்றும் கூறிப் பிரதம நீதியரசர் வெளியேறினார். மறுநாள் அந்த நால்வரும் விலகினர். சாட்சிகள் அழைக்கப்பட்டது அதன் பின்னர்தான்! 8 ஆம் திகதி அறிக்கை தயார்: ஆராய்ந்த ஐந்தில் மூன்று ‘நிரூபணம்’. இத்தகைய குழுவுக்குத் தீர்ப்பளிக்கும் சட்ட அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிய பின்னரும், ஜனவரி 11 ஆம் திகதி 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது.

குழுவில் பேசப்பட்ட கீழ்த்தரமான வார்த்தைகள் பற்றியே அன்று அதிகம் எழுதப்பட்டது. ஆனால் மறைந்துபோனது வேறொன்று. அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் உண்மையிலேயே இருந்தன. அவரது கணவர் அரச வங்கியொன்றின் தலைவராக அதே அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டிருந்தார். 1996 இல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு அவர் உயர்த்தப்பட்டதைச் சட்டத்தரணிகள் பலர் எதிர்த்திருந்தனர். ஒரு தரப்பின் அவசரத்தால் இக்கேள்விகளுக்கு மக்கள் முன் பதில் கிடைக்கவேயில்லை. மறுபுறம், மாகாண அதிகாரங்களைத் தொடும் திவிநெகும சட்டமூலம் மாகாணசபைகளின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அவரது நீதிமன்றம் கூறியிருந்தது. வடக்கில் தெரிவு செய்யப்பட்ட சபை அன்று இருக்கவில்லை; ஆளுநரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்றும் சொல்லப்பட்டது. ‘எமக்கென்ன’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இக்காஸ்டில் இருந்து இதை எழுதும்போது, எங்கள் பெயராலேயே டென்மார்க்கில் அழைக்கப்படும் ‘தமிழர் வழக்கு’ நினைவுக்கு வருகிறது. 1987 இல் நீதி அமைச்சர் எறிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவைச் சட்டத்துக்கு மாறாக முடக்கினார். நீதிபதி ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995 இல் றிக்ஸ்றெட் என்ற விசேட நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. இங்கும் கட்சிப் பகை இல்லாமலில்லை; குற்றஞ்சாட்டியது பாராளுமன்றமே. ஆனால் தீர்ப்பளித்தவர்களில் ஒரு பாதியினர் உச்ச நீதிமன்ற நீதிபதிகள், மறு பாதியினர் பாராளுமன்றம் தெரிவு செய்தவர்கள். பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அங்கே தெரிவாக முடியாது. பகைக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது, தீர்ப்பெழுதும் உரிமை இருக்கவில்லை.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், மொகான் பீரிசின் நியமனமே செல்லாது என்று கூறி அவர் அகற்றப்பட்டார். பண்டாரநாயக்க மீண்டும் பதவியேற்று மறுநாள் ஓய்வுபெற, க. சிறீபவன் பிரதம நீதியரசரானார். தமிழர் ஒருவர் வந்தார் என்று எம்மவர் மகிழ்ந்தனர். விசாரணை எதுவுமின்றி, நிறைவேற்று அதிகாரத்தின் ஒரு சொல்லால் ஒரு பிரதம நீதியரசர் வெளியேற்றப்பட்ட முறையைக் கேள்விக்குட்படுத்தியவர் எத்தனை பேர்? எமக்குப் பிடித்த முடிவு வரும்போது முறை பற்றிய அக்கறை காணாமல் போகிறது.

புகலிடத்திலும் இதுதான் நடக்கிறது. ஒருவரைத் ‘துரோகி’ என்று குற்றஞ்சாட்டுபவரே கூட்டத்துக்குத் தலைமை தாங்கித் தீர்ப்பும் சொல்கிறார். பதில் சொல்ல எழுந்தவருக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை. கொழும்பின் தெரிவுக்குழுவைக் கண்டிக்கும் நாம், எமது மண்டபங்களில் அந்த எழுவரின் கதிரைகளில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் விவாதிக்க வேண்டும்.