சரிவின் தயவில் ஓடிய ரயில்

லண்டனின் தென்கிழக்கே நியூ கிராஸ் வட்டாரத்தில் பொமராய் தெரு என்று ஒன்று உண்டு. அங்கேதான் 1860களில் ஜார்ஜ் இங்கிலண்ட் என்பவரின் ஹாட்சம் இரும்புப் பட்டறை இயங்கியது. 1863–64இல் அந்தப் பட்டறை கட்டிய நான்கு குட்டி எஞ்சின்கள் வட வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில்பாதைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாதையின் அகலம் 597 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்கும் சற்றுக் குறைவு. 1869இல் அதே பட்டறையிலிருந்து ‘லிட்டில் வொண்டர்’ என்ற இரட்டை எஞ்சினும் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அது பாரம் இழுத்துக் காட்டியதைப் பார்க்க ரஷ்யப் பேரரசு ஒரு குழுவையே அனுப்பியது. எஞ்சினை வடிவமைத்த ராபர்ட் ஃபேர்லிக்கு ஜார் மன்னர் தங்கப் பதக்கம் கொடுத்தார். மலை நாடுகளுக்குக் குறும்பாதையே விடிவு என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில்தான் லண்டனிலிருந்து உலகெங்கும் பரவியது.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது என் கருத்து. வேல்ஸுக்குப் போய்ப் பார்த்தவர்கள் தண்டவாளத்தின் அகலத்தை அளந்துகொண்டு திரும்பினார்கள். அந்த ரயிலை வாழவைத்த சரிவை அளக்க விட்டுவிட்டார்கள்.

ஃபெஸ்டினியோக் பாதைக்கு 1832இல் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது, 1836இல் அது ஓடத் தொடங்கியது. பிளைனாய் ஃபெஸ்டினியோக் ஊரின் சிலேட்டுக் குவாரிகளிலிருந்து போர்த்மாடோக் துறைமுகம் வரை சுமார் 21 கிலோமீட்டர். ஜேம்ஸ் ஸ்பூனர் இதை அளந்து வகுத்த விதம் அபாரமானது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, பெரும்பாலும் மேடேறாமல், சீராகக் கடல்வரை இறங்கும்படி பாதையை அமைத்தார். சிலேட்டு ஏற்றிய வண்டிகள் எஞ்சினும் குதிரையும் இல்லாமல் தாமாகவே உருண்டு இறங்கின, பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். குதிரைகளும் அதே ரயிலின் கடைசி வண்டியில் நின்று தீனி தின்றபடி கீழே வந்தன. திரும்பும்போது வெறும் வண்டிகளை மேலே இழுப்பதுதான் அவற்றின் வேலை.

வெறும் வண்டிகளை ஏற்றுவதற்கே குதிரைகள் போதாமல் போனதால்தான் லண்டனிலிருந்து எஞ்சின்கள் வர வேண்டியிருந்தது. இதை எண்ணிப் பார்த்தால் குறும்பாதையின் பலவீனம் அப்போதே தெரிந்திருக்கும். பாரம் இறங்கிய திசையில் புவியீர்ப்பு கூலி வாங்காமல் வேலை செய்தது. ஏறும் திசையில் காலி வண்டியே சுமையாக இருந்தது.

அந்தப் பாதைக்கு வாய்த்த இரண்டாவது அதிர்ஷ்டம் கடல். மலையடிவாரத்தில் வேறொரு ரயிலுக்காகக் காத்திருக்கவேண்டிய நிலை அதற்கு இல்லை. சிலேட்டு நேராகக் கப்பலுக்குப் போனது. 1842 தீவிபத்தில் பெருமளவு அழிந்த ஹம்பர்க் நகரம் புதிதாகக் கூரை வேய்ந்தபோது போர்த்மாடோக் கப்பல்களுக்கு ஓய்வே இல்லை. எந்த அகலப் பாதையில் வந்த சரக்கானாலும் துறைமுகத்தில் ஒருமுறை இறக்கித்தான் கப்பலில் ஏற்றவேண்டும். அதனால் பாதை குறுகலாக இருந்ததன் விலை அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

கண்ணில் படுவதற்கு அதிக காலம் ஆகவில்லை. 1879இல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனி மலையைக் குடைந்து சாதாரண அகலப் பாதையைக் குவாரி வாசலுக்கே கொண்டுவந்தது. 1883இல் கிரேட் வெஸ்டர்னும் வந்துசேர்ந்தது. சிலேட்டு இனி கடலுக்கு இறங்காமலே பிரிட்டனின் எந்த ஊருக்கும் போகலாம் என்றானது. உலகை மயக்கிய ‘லிட்டில் வொண்டர்’ அதற்குள் தேய்ந்து 1882இல் ஓய்வுபெற்றுவிட்டது. பதின்மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். விளம்பரத்துக்காகப் பிழிந்து ஓட்டினால் அப்படித்தான் ஆகும்.

ஃபேர்லியைக் குறைசொல்வது எளிது, ஆனால் அவர் வாதத்தில் சாரம் இருந்தது. பெரிய பாதையின் வண்டிகள் தம் சொந்த எடையையே சுமந்து அலைகின்றன, ஏற்றும் சரக்கோ அதற்கு ஈடாக இல்லை என்றார் அவர். சிறிய வண்டியில் வீண் எடை குறைவு. கூர்மையான வளைவில் திரும்பலாம் என்பதால் சுரங்கமும் பாலமும் மலைவெட்டும் குறையும். இதெல்லாம் உண்மைதான். அவர் கணக்கில் விடுபட்டது சந்திப்பு நிலையம். குறும்பாதை பெரும்பாதையைத் தொடுமிடத்தில் ஒவ்வொரு மூட்டையும் இறங்கி ஏறவேண்டும். கட்டும்போது மிச்சம் பிடித்த பணம் இறக்குகூலியாகவும் ஏற்றுகூலியாகவும் ஆண்டாண்டுக்கும் வெளியே போகும். கொலராடோ மலைகளில் 1871இல் மூன்றடிப் பாதையாகத் தொடங்கிய டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் கம்பெனி, 1890க்குள் தன் முக்கிய வழித்தடத்தையே அகலப்படுத்திக்கொண்டது. முதலில் மிச்சப்படுத்தியதற்குப் பின்னால் இருமுறை செலவு செய்த கதை.

நம் பக்கத்து மலைகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 1881இல் முழுமையடைந்த டார்ஜிலிங் ரயில் 610 மில்லிமீட்டர்ப் பாதை. தேயிலை கீழே வரும், ஆனால் அரிசியும் நிலக்கரியும் இயந்திரங்களும் சமவெளியிலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறவேண்டும். பக்கத்திலேயே மலைச்சாலை. லாரி வந்தவுடன் அந்தச் சாலையே எதிரியானது. கால்கா–சிம்லா பாதையில் நடந்தது வேறு கூத்து. இரண்டடி அகலத்தில் வேலை தொடங்கிய பிறகு, தளவாடங்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கட்டும் என்று ராணுவத் தரப்பு வற்புறுத்தியதால் இரண்டரை அடியாக மாற்றினார்கள். குறும்பாதைகள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

தமிழர் உழைப்பு கலந்த மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவர் குறைவு. 1902இல் அது ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கியது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில் ஓட, சாயாமல் இருக்க இன்னொரு சக்கரம் தரையில் உருள, மாடுகள் இழுத்தன. 1908இல் இரண்டடிப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் போகும். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் தொங்கி, தமிழ்நாட்டுப் பக்கம் மலையடியில் உள்ள குரங்கணி, கொட்டகுடி வட்டாரத்துக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். ஒரே பெட்டி எத்தனை கைமாறியது என்று பாருங்கள். தேயிலை எடை குறைந்த, விலை மிகுந்த சரக்கு என்பதால்தான் அந்தச் செலவு கட்டுப்படியானது. சிலேட்டாக இருந்தால் முதல் வருடமே கதவை மூடியிருப்பார்கள். 1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று மூணாற்றுக்காரர்கள் இன்றும் சொல்லும் பெருவெள்ளம், பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் கட்டவில்லை. வெள்ளத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையல்ல. லாபம் கொழித்திருந்தால் தோட்ட முதலாளிகள் மீண்டும் போட்டிருப்பார்கள்.

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டரை அடிப் பாதை போட்டார்கள். தோட்டங்களின் தேயிலை நானுஓயாவில் இறங்கி ஐந்தரை அடிப் பிரதானப் பாதைக்கு மாறியது. லாரிகள் தொழிற்சாலை வாசலிலிருந்து நேரே கொழும்புக்குப் போகத் தொடங்கியதும், 1940களோடு அந்த ரயிலின் ஆயுள் முடிந்தது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் சில குறும்பாதைகள் இன்று நிரம்பி வழிகின்றன. ஃபெஸ்டினியோக் 1946இல் முழுவதுமாக மூடப்பட்டு, 1955இல் ஆர்வலர்களின் முயற்சியால் மீண்டும் ஓடத் தொடங்கியது. நீர்மின் திட்டத்தால் பாதையின் ஒரு பகுதி தண்ணீரில் மூழ்கியபோது, தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கி மாற்றுப்பாதை வெட்டினார்கள். 1982இல் ரயில் மறுபடி பிளைனாய் ஊரைத் தொட்டது. நியூ கிராஸில் பிறந்த ‘பிரின்ஸ்’ எஞ்சினைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை. 2021இல் வட வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது இந்த ரயிலும் அதில் சேர்ந்தது. இதற்கு ஏக்கமும் அழகுணர்ச்சியும் மட்டும் காரணமல்ல, கணக்கும் ஒரு காரணம். சுற்றுலாப் பயணி தன்னைத்தானே இறக்கி ஏற்றிக்கொள்ளும் சரக்கு. பெரிய ரயிலிலிருந்து இறங்கி, நடைமேடையைத் தாண்டி, காசு கொடுத்துச் சின்ன ரயிலில் ஏறிக்கொள்வார். ஃபேர்லியின் கணக்கில் விடுபட்ட செலவு இங்கே மாயமாகிவிடுகிறது. மெதுவாகப் போவதற்கும் அவரே கூடுதல் கட்டணம் தருகிறார்.

ஆனால் இந்த முறையின் விலையை வேறொருவர் கொடுக்கிறார். வேல்ஸில் எஞ்சின் துடைப்பது முதல் சீட்டுக் கிழிப்பது வரை கணிசமான வேலையைச் சம்பளமில்லாத் தொண்டர்கள் செய்கிறார்கள். ஓய்வூதியமும் ஓய்வு நேரமும் உள்ள சமூகத்தில்தான் அது நடக்கும். நீலகிரி மலை ரயிலுக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் குன்னூர் பணிமனையில் வேலை செய்பவர்களைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அது மீட்டர் கேஜ், பல்சக்கரம் கடித்து ஏறும் பாதை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகமண்டலம் வரையும் திறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வருமானம் செலவை ஈடுகட்டுவதில்லை, பற்றாக்குறையை ரயில்வே ஏற்கிறது. திருச்சி பொன்மலைப் பட்டறை ஊழியர்கள் அதற்குப் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டித் தந்திருக்கிறார்கள். வேல்ஸில் பாஸ்டன் லாட்ஜ் பட்டறையும் அப்படித்தான், 2023இல் ஒரு புதிய இரட்டை ஃபேர்லி எஞ்சினை ஓட்டிக் காட்டியது. கைத்திறனில் இரண்டு பட்டறைகளுக்கும் வித்தியாசம் காண்பது கடினம். ஒன்றில் அது மாதச் சம்பளம் வாங்கும் தொழில், மற்றதில் பெருமளவு பொழுதுபோக்கும் நன்கொடையும். எனக்குப் பொன்மலை வழிதான் நேர்மையாகப் படுகிறது. நஷ்டத்தை ஏற்பது யார் என்பதாவது அங்கே கணக்கில் தெரிகிறது. அதற்கு ஈடாகக் குன்னூர்–உதகை பகுதியில் உள்ளூர்க்காரர் ஒருவர் குறைந்த கட்டணத்தில் ஏறவும் முடிகிறது.

மூணாறு ரயிலை மீட்கவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தேயிலை இனி அதில் ஏறப்போவதில்லை, லாரி அதைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சுவது சுற்றுலாப் பயணிகள். அவர்களை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகச் சாலை இருக்கிறது, விடுமுறை நாட்களில் அது நகராமல் நிற்கிறது. அந்த வாகனங்களை மூணாற்றிலேயே நிறுத்திவிட்டு ரயிலில் ஏறச்சொல்லும் துணிவு நிர்வாகத்துக்கு இருந்தால், அந்தப் பாதைக்குப் பொருளுண்டு. சாலையும் திறந்திருக்கும், ரயிலும் ஓடும் என்றால் இரண்டடித் தண்டவாளம் இன்னொரு முறை அதே லாரியிடமும் காரிடமும் தோற்கும்.