ஒரு நாளைக்கு ஒரு டாலர்

நியூயார்க் நகரத்தின் சில உயர்நிலைப் பள்ளிகளுக்கு வெளியே 2015 வரை காலைதோறும் ஒரு வியாபாரம் நடந்தது. வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வேன் நிற்கும். மாணவர்கள் வரிசையாக வந்து செல்போனையும் ஒரு டாலரையும் நீட்டுவார்கள். கையில் ஒரு சீட்டு கிடைக்கும். சாயங்காலம் சீட்டைக் காட்ட மறுபடியும் வரிசை. வேன் வராத இடங்களில் தெருமுனைக் கடைக்காரர்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். 2012இல் பிராங்ஸ் பகுதியில் இப்படியொரு வேனில் கொள்ளையே நடந்தது.

பள்ளிக்குள் செல்போன் கூடாது என்ற விதி பெற்ற பிள்ளைதான் இந்த வியாபாரம். பேஜர் காலத்தில், 1988இல், எழுதப்பட்ட விதி அது. தூங்கிக் கிடந்த அதை 2006இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் நிர்வாகம் எழுப்பியது. மெட்டல் டிடெக்டர்களோடு பள்ளிகளில் திடீர் சோதனை தொடங்கியது. ஆயுதம் தேடப் போனவர்களிடம் ஆயிரக்கணக்கில் சிக்கியவை செல்போன்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவித்த ஊர் அது. வழக்குப் போட்டார்கள், 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

காகிதத்தில் விதி எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். ஆனால் நிரந்தரமாக மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தவை எண்பதுக்கும் சற்று மேற்பட்ட பள்ளிகளே. அவற்றில் படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஏழைப் பிள்ளைகள். மற்ற பள்ளிகளில் கண்ணில் படாத செல்போனை யாரும் தேடவில்லை. நகரத்தின் மிகச் சிறந்த மாணவர்களை நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் ஸ்டைவசென்ட் பள்ளியில், 2012 ஜூனில் மாநிலத் தேர்வுத் தாளைச் செல்போனில் படமெடுத்துப் பரப்பிய விவகாரத்தில் எழுபது பேர் அளவில் சிக்கினார்கள். தடை நடப்பில் இருந்த காலத்தில், தேர்வு அறைக்குள்ளேயே நடந்தது இது! அடுத்த மேயர் பில் டி பிளாசியோவோ, தன் மகன் செல்போனோடுதான் பள்ளிக்குப் போகிறான் என்று வெளிப்படையாகவே சொன்னார். மேயர் வீட்டுப் பையனுக்கு வேன் செலவு இல்லை. இலவச மதிய உணவை நம்பியிருக்கும் குடும்பத்துப் பையன் மட்டும், ஆண்டுக்கு 180 பள்ளி நாள் என்ற கணக்கில், 180 டாலர் அழுதான்.

அப்படியானால் தடையே தப்பா? அதுவும் இல்லை.

லூயி-பிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் லண்டன், பர்மிங்காம், லெஸ்டர், மான்செஸ்டர் நகரங்களின் 91 பள்ளிகளைப் பற்றி 2015இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. செல்போனைத் தடைசெய்த பள்ளிகளில் மதிப்பெண் கூடியது. நன்றாகப் படிப்பவர்களிடம் மாற்றமே இல்லை. கடைசி வரிசை மாணவர்களுக்கோ சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பலன். கவனம் சிதறினாலும் கெட்டிக்காரப் பிள்ளை வீட்டில் ஈடுகட்டிவிடும். டியூஷனும் துணையும் இல்லாத பிள்ளைக்கு வகுப்பறையில் தவறவிட்டது போனதுதான். நியூயார்க்கின் முதல் தடை செய்த அநியாயம் இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. தடையால் அதிகம் பிழைக்கக்கூடிய பிள்ளைகளிடமே அதற்கான கட்டணத்தையும் அது வசூலித்தது.

ஆனால் ஒரு ஆய்வைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது. ஸ்வீடனில் இதே முறையில் பார்த்தபோது மதிப்பெண்ணில் மாற்றம் தென்படவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளை ஒப்பிட்டு 2025இல் வெளியிட்ட ஆய்வில், தடையுள்ள பள்ளி மாணவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேலாக இல்லை. பள்ளியில் பார்க்காததை வீட்டில் பார்த்துவிடுகிறார்கள். ஆக, தடையால் மன அழுத்தம் தீரும் என்று மேடையில் பேசும் அரசியல்வாதியை நம்ப வேண்டியதில்லை. வகுப்பு நேரத்தில் பாடம் நடக்கும் என்ற சின்ன வாக்குறுதி போதும். அதைக் காப்பாற்ற முடியும்.

டி பிளாசியோ 2015 மார்ச்சில் தடையை நீக்கி, முடிவைத் தலைமையாசிரியர்களிடம் விட்டார். வேன்கள் போயின, அந்த வகையில் நல்ல காரியம். ஆனால் பள்ளிக்கொரு சட்டம் வந்தது. ஒரே ஆசிரியர் பாடமும் நடத்தி, மேசைக்கடியில் ஒளிரும் திரைகளையும் வேட்டையாட வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடை 2025 செப்டம்பரில், இம்முறை மாநிலச் சட்டமாகவே வந்தது. முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை இணையம் உள்ள செல்போன் கூடாது. சாப்பாட்டு இடைவேளையிலும் கூடாது. செல்போன்களை வைக்கும் ஏற்பாட்டுக்கு ஆளுநர் கேத்தி ஹோக்கல் அரசு 135 லட்சம் டாலர் ஒதுக்கியது. பல பள்ளிகளில் காந்தப் பூட்டுள்ள பை: செல்போன் பைக்குள், பை மாணவனிடம், பூட்டைத் திறக்கும் காந்தம் பள்ளியிடம். பழைய செல்போன் ஒன்றைப் பையில் போட்டுவிட்டு நிஜத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் தந்திரம் இத்தகைய பைகள் போன இடமெல்லாம் போயிருக்கிறது.

துப்பாக்கிச்சூடு நடந்தால் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்ற பெற்றோரின் பயம் அமெரிக்காவில் வெறும் கற்பனை இல்லை. ஒளிந்திருக்கும் நேரத்தில் செல்போன் ஒலிப்பதே ஆபத்து என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். தாய்க்கு அது சமாதானமாகாது. பிள்ளையைத் தொடர்புகொள்ளப் பள்ளி ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவத் தேவை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு விலக்கும் தருகிறது.

இந்தத் தடை முந்தையதைவிட நியாயமானது. செல்போனை வைக்கும் செலவு மாணவன் தலையில் விழவில்லை. செல்போன் பயன்படுத்திய ஒரே காரணத்துக்காக யாரையும் இடைநீக்கம் செய்ய முடியாது. நடவடிக்கைகள் எந்தப் பிரிவு மாணவர்கள்மேல் எவ்வளவு பாய்ந்தன என்று 2026 முதல் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். பாரபட்சம் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் திட்டத்தையும் அந்த அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும்.