முதல் ஓட்டத்தில் எல்லாக் காரும் புலிதான்

செவ்ரலே கார்வெட் இசட்06, 2015 மாடலாக வந்தபோது அமெரிக்கக் கார் பிரியர்கள் வாயைப் பிளந்தார்கள். 6.2 லிட்டர் வி8 எஞ்சின், அதன் தலையில் ஈட்டன் சூப்பர்சார்ஜர், 650 குதிரைத்திறன். காரின் சக்தியை அளக்கும் டைனோ உருளைகளில் ஏற்றி அளந்தவர்களும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் எடுத்துக்கொண்டது போக, கம்பெனி சொன்னதற்கு ஈடான சக்தி சக்கரத்துக்கு வந்தது.

ரேஸ் டிராக்குக்கு ஓட்டிப்போனவர்கள் வேறு கதை சொன்னார்கள். கோடை வெயிலில் சில சுற்றுகள் விரட்டினாலே சூடு எல்லை மீறுகிறது. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைச் சுருக்கிக்கொள்கிறது. 2017-இல் உரிமையாளர்கள் சிலர் ஃபுளோரிடாவில் வழக்கே போட்டார்கள். டைனோவில் தேறிய கார் டிராக்கில் ஏன் தோற்றது?

சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அமுக்கினால் காற்று சூடாகும். இந்த எஞ்சினில் பூஸ்ட் அழுத்தம் 9 முதல் 10 பிஎஸ்ஐ. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்றால், அமுக்கிய காற்று 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அதை இன்டர்கூலர் வழியாக 45 டிகிரி அளவுக்கு இறக்க வேண்டும். முழு சக்தியில் ஓடும்போது இதற்காக அகற்ற வேண்டிய வெப்பம், என் தோராயக் கணக்கில், 30 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர்கள் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். இது காற்றின் சூடு மட்டும். எஞ்சின், எண்ணெய், கியர்பாக்ஸ் சூடெல்லாம் தனி.

இந்த எஞ்சினின் இன்டர்கூலரில் காற்றைக் குளிர்விப்பது தண்ணீர். காற்றின் சூட்டை உறிஞ்சிய தண்ணீர், காரின் முன்பக்க ரேடியேட்டருக்குப் போய் அதை வெளியே விட்டுத் திரும்ப வேண்டும். டைனோவில் ஒரு ஓட்டம் பத்துப் பன்னிரண்டு வினாடிதான். இன்டர்கூலரின் தண்ணீர்ச் சுற்றுப்பாதையில் 8 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வினாடியில் 30 கிலோவாட்டையும் அது விழுங்கினால்கூடத் தண்ணீரின் சூடு 10 டிகிரிக்குச் சற்றே அதிகமாகத்தான் ஏறும். முன்னால் ரேடியேட்டரே இல்லாவிட்டாலும் டைனோ வரைபடம் அழகாகத்தான் வரும்! ஆக, ஒற்றை ஓட்டத்தில் சோதனைக்கு உள்ளாவது குளிர்விக்கும் திறனே அல்ல, தண்ணீரின் கொள்ளளவு. டிராக்கில் இருபது நிமிடம் ஓடும்போதுதான் ரேடியேட்டரின் யோக்கியதை வெளிப்படும்.

தண்ணீர் சூடேறியதும் அடுத்தடுத்து எல்லாம் சரிகிறது. உள்ளே போகும் காற்று சூடாகிறது, அடர்த்தி குறைகிறது, எரிபொருள் தானாக வெடித்து 'நாக்' அடிக்கும் ஆபத்து வருகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. சக்தி இறங்குகிறது.

டைனோ தாளில் இன்னொரு வித்தையும் உண்டு. அன்றைய காற்றுநிலையைச் சரிக்கட்டும் எஸ்ஏஇ ஜே1349 என்ற திருத்தக் கணக்கு 25 டிகிரி உலர்ந்த காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி என்று அச்சாகும் பழைய கணக்கு, 15.6 டிகிரி குளிர்காற்றை வைத்து அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். விளம்பரத்துக்கு எது தோது என்று சொல்லவேண்டியதில்லை. இந்தத் திருத்தங்கள் பார்ப்பது அறைக்காற்றை மட்டுமே. இன்டர்கூலரைத் தாண்டிய காற்று என்ன சூட்டில் இருந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது.

இசட்06-இன் சிக்கலுக்கு வேர் வடிவமைப்பிலேயே இருந்தது என்பது என் கருத்து. முந்தைய தலைமுறை இசட்ஆர்1-இல் இருந்தது 2.3 லிட்டர் சூப்பர்சார்ஜர். இதில் 1.7 லிட்டர்தான். சின்னது என்பதால் போனட்டுக்குக் கீழே அடங்கியது, ஆக்சிலரேட்டருக்கு உடனே பதில் சொன்னது. ஆனால் காற்றை ஈடுகட்ட 20,000 ஆர்பிஎம் வரை சுழல வேண்டியிருந்தது. பழையதைவிட 5,000 அதிகம். வேகமாகச் சுழன்றால் காற்று கூடுதலாகச் சூடாகும். தொழில்முறை ஓட்டுநரை வைத்து 30 டிகிரி வெயிலில் சோதித்தோம் என்றது கம்பெனி. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கோடை 30 டிகிரியோடு நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியாததா?

2018-இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் இதற்கு நேர் எதிரான பாடம். 2.7 லிட்டர் சூப்பர்சார்ஜர். பிரீமியம் பெட்ரோலில் 808, 100 ஆக்டேன் ரேஸ் பெட்ரோலில் 840 குதிரைத்திறன். அதற்கான களம் கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ். டாட்ஜ் சொன்ன நேரம் 9.65 வினாடி. அந்தப் பத்து வினாடிக்காக இன்டர்கூலர் தண்ணீரை ஏசி கேஸை வைத்தே குளிர்வித்தார்கள். அப்போது ஓட்டுநருக்கு ஏசி கிடையாது, எஞ்சினுக்கு உண்டு! ஓட்டம் முடிந்து எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறியும் பம்பும் ஓடி, அடுத்த ஓட்டத்துக்குள் சூட்டைத் தணிக்கும். வரிசையில் காத்திருக்கும்போது எஞ்சின் மேல் ஐஸ் மூட்டையைப் பரப்பும் டிராக் ரேஸ்காரர்களின் பழைய கைவைத்தியத்தைக் கம்பெனியே காருக்குள் கட்டிக்கொடுத்தது என்று சொல்லலாம். டீமனைப் பொறுத்தவரை டைனோத் தாள் ஓரளவு உண்மையான சாட்சி. அதன் பந்தயமும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

செவ்ரலேயும் பாடம் கற்றது. 2017 மாடலில் போனட் துவாரங்கள் பெரிதாயின, சூப்பர்சார்ஜர் மூடியும் மாறியது. 2019 இசட்ஆர்1-இல் சூப்பர்சார்ஜரை 2.65 லிட்டராக்கி மெதுவாகச் சுழலவிட்டார்கள். நான்கு ரேடியேட்டர்களைக் கூட்டியதில் வெப்பமாற்றிகள் மொத்தம் 13 ஆயின. 755 குதிரைத்திறனைவிட இந்த 13-தான் எனக்குப் பெரிய எண்ணாகப் படுகிறது. விற்பனைச் சிற்றேட்டில் அதை யார் கொட்டை எழுத்தில் போடுவார்கள்?

எனவே யாராவது டைனோ வரைபடத்தை நீட்டினால் உச்சத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இடைவெளி விடாமல் எடுத்த நான்காவது ஓட்டத்தின் கோட்டைக் கேளுங்கள். இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பநிலையும் அதே தாளில் இருக்கட்டும். போனட் திறந்திருந்ததா, எந்தத் திருத்தக் கணக்கு என்பதையும் விசாரியுங்கள். முதல் கோட்டுக்கும் நான்காம் கோட்டுக்கும் இடையில் 50 குதிரைத்திறன் காணாமல் போயிருந்தால், டிராக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது நான்காவதுதான்.

2023-இல் வந்த புதிய இசட்06-இல் சூப்பர்சார்ஜரே இல்லை. 5.5 லிட்டர் எஞ்சின் தானாகவே காற்றை இழுத்து 670 குதிரைத்திறன் தருகிறது. பழையதைவிட 20 அதிகம்.