விடுதிப் பள்ளியும் பேச்சு வழக்கும்: ‘கருக்கு’ மொழிபெயர்ப்பு நோக்கில்

பாமாவின் ‘கருக்கு’ (1992) பெரும்பாலும் சாதி ஒடுக்குமுறையின் பதிவாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. ஊர்ப் பள்ளியில் பயின்றபின் அயலூரிலுள்ள கன்னியர் விடுதியில் சேரும் மாணவியின் அனுபவம், இத்தன்வரலாற்றின் மொழியமைப்பிலும் வெளிப்படுகிறது. ஆங்கிலப் பெயர்ப்பில் இக்கூறு எந்த அளவிற்கு நிலைபெறுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அம்மாணவிக்குச் சமயம் புதிதன்று. அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பூசை, கோயில் முதலிய சொற்கள் அவருக்கும் கன்னியருக்கும் பொதுவானவை. ஆயினும் விடுதிப் பொறுப்பாளர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் உணவைக்கூட இழித்துரைக்கிறார். சொற்கள் பொதுவாயிருந்தும் மதிப்பு பொதுவாயில்லை. அயன்மை உணர்வு தோன்றுமிடம் இதுவே.

தமிழ் இரட்டை வழக்கு மொழி. உரையாடலைப் பேச்சு வழக்கிலும் எடுத்துரைப்பை எழுத்து வழக்கிலும் அமைப்பதே புனைகதையில் பெருவழக்கு. பாமாவோ எடுத்துரைப்பு, தருக்கம் ஆகிய இரண்டையும் பேச்சு வழக்கிலேயே நிகழ்த்துகிறார். அவர் பட்டம் பெற்று ஆசிரியப் பணியாற்றியவர். எனவே இதனை எழுத்து வழக்கறியாமை எனல் பொருந்தாது. மாணவி விடுதியின் ஒழுங்கிற்கு உட்படுகிறார். எடுத்துரைக்கும் குரலோ பள்ளி கற்பித்த தமிழுக்கு உட்படவில்லை. பின்னர்த் துறவற சபையில் சேர்ந்து, 1992-இல் அதிலிருந்து வெளியேறியவரின் குரல் அது.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலப் பெயர்ப்பு 2000-ஆம் ஆண்டு கிராஸ்வேர்ட் விருது பெற்றது. பாமாவின் நடைப்புதுமையை அவர் தம் முன்னுரையில் தெளிவாக எடுத்துக்காட்டுகிறார். எனினும் பெயர்ப்பின் எளிய, இயல்பான ஆங்கிலம் ஒரு நெருக்கத்தைத் தருகிறதேயன்றி, வழக்கு மீறலை உணர்த்தவில்லை. ஆங்கிலத்தில் பேச்சுச் சாயலுடைய தன்வரலாறு வியப்பிற்குரியதன்று. தமிழில் 1992-இல் அது ஒரு மறுப்பு. ஆங்கில வட்டார வழக்கொன்றைப் பயன்படுத்துவதும் தீர்வாகாது. அது விருதுநகர் வட்டாரத்து ஊரை வேறொரு நாட்டிற்கு நகர்த்திவிடும்.

சொல் நிலையிலும் இழப்பு உண்டு. ‘பூசை’ என்பதை ‘மாஸ்’ என்று பெயர்க்கும்போது, இந்து வழிபாட்டிற்கும் கத்தோலிக்க வழிபாட்டிற்கும் பொதுவாக வழங்கும் ஒரு தமிழ்ச்சொல்லின் இரட்டைத் தொடர்பு அறுபடுகிறது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டியது வட்டாரச் சாயலைவிட வழக்குகளுக்கிடையிலான வேறுபாட்டையே எனலாம். விடுதியின் ஆணைகளையும் வேண்டுதல்களையும் செறிந்த முறைசார் ஆங்கிலத்தில் அமைத்து, மாணவியின் குரலை அதனின்று தொடரமைப்பால் பிரித்துக் காட்டுதல் இயலும். அவ்வேறுபாடு மறையின், மாணவி பள்ளிக்குப் பணிந்துவிட்டார் என்ற தவறான பொருளை மொழிபெயர்ப்பே தந்துவிடும்.